அனாட்டமி பின்வாசலில் அரிச்சந்திரன் கல்

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்த மாதிரி வந்து சொல்ல வேண்டாம். இனி நான் கட்டினதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு மெடிக்கல் காலேஜ். பேர் வேண்டாம். அங்கே அனாட்டமி கட்டடத்துக்குக் கடக்கால் தோண்டும்போதே கொத்தனாராகப் போனவன் நான். சுவர் பூசினது என் கரணை. பிரேதம் ஊறப்போடுகிற டேங்க்கை முதலில் வேறொரு ஆள் கட்டினான். ஃபார்மலின் பட்டு உள்பூச்சு உரிந்து ஒழுகியது. நான் பிரித்துக் கட்டினேன். இன்று வரைக்கும் ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. பிரேதம் கெடாமல் மருந்து ஏற்றுகிற எம்பாமிங் கேனைத் தொங்கவிடுகிற ஸ்டாண்டை, திருபுவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கூடவே நின்று வெல்டிங் வைத்து வாங்கி வந்தேன். மியூசியத்தில் ஜார் மூடி ஒட்டுகிற பக்குவம் என்னுடையது. ஹால் வாசலில் நிற்கிறதே எலும்புக்கூடு, அதைக் கம்பியில் கோத்து நிமிர்த்தினதும் நான்தான். கட்டடம் முடிந்து மற்ற கொத்தனார்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போனார்கள். நான் அதே கட்டடத்துக்குள் அட்டெண்டராக நுழைந்தேன். ரிடையர் ஆகும்போது டெக்னீஷியன்.

இதெல்லாம் சில்லறை. நான் செய்ததிலேயே பெரியது பின்வாசலில் நிற்கிற ஒரு கல். அந்தக் கல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அனாட்டமி டிபார்ட்மெண்ட்டுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பசங்கள் இதைப் படிக்க வேண்டும். காலேஜ் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர்களும் படிக்க வேண்டும்.

1. முதல் நாள்

அட்டெண்டர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஹெச்.ஓ.டி. மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கண்டிப்பான ஆள், ஆனால் யாரையும் ஒருமையில் பேச மாட்டார்.

"ஏழுமலை, பாடின்னா பயப்படுவீங்களா?"

"இல்லம்மா. உசுரோட இருக்கற மேஸ்திரிக்கே பயப்பட்டதில்ல."

மேடம் சிரிக்கவில்லை. டிசெக்‌ஷன் ஹாலுக்குக் கூட்டிப்போய் ஒரு டேபிளின் மேல் இருந்த துணியை விலக்கினார். "இவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. கவர்மெண்ட் மார்ச்சுவரியில யாரும் வந்து கேட்கல. இவங்களை வெச்சுத்தான் இந்தப் பசங்க டாக்டராகப் போறாங்க. இந்த ஹாலுக்குள்ள யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. நானா இருந்தாலும் சரி, நீங்களா இருந்தாலும் சரி."

அன்றைக்கு எடுத்த துடைப்பம். அதற்குப் பிறகு அந்த ஹாலில் நான் சத்தமாகப் பேசினதில்லை. வெளியே வந்து மொத்தத்தையும் சேர்த்துப் பேசிவிடுவேன். அது வேற.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருஷமே அனாட்டமி. மனுஷ உடம்பைப் பிரித்துப் பார்த்துப் படிக்கிற படிப்பு. தோளில் இருந்து விரல் வரைக்கும் ஒரு நரம்பு எந்தச் சந்தில் நுழைந்து எந்தச் சந்தில் வெளியே வருகிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் நரம்பு மஞ்சள், ரத்தக்குழாய் சிவப்பு. உடம்பில் அப்படியெல்லாம் கலர் கட்டிக்கொண்டு எதுவும் உட்கார்ந்திருக்காது. அதனால்தான் உடம்பு வேண்டும்.

உடம்பு கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஒரே டேபிளைச் சுற்றி ஒரு கும்பலே நிற்கும். முன்வரிசைப் பிள்ளை உடம்பைப் பார்க்கும். பின்வரிசைப் பிள்ளை முன்வரிசையின் முதுகைப் பார்க்கும். இருந்த உடம்பும் பழசாகி, சதை கயிறு மாதிரி திரிந்து போயிருந்தது. மேடம் கத்தியை எடுப்பார், பார்ப்பார், கீழே வைத்துவிட்டு பிளாஸ்டிக் மாடலை எடுத்துவரச் சொல்வார். அதைத் தூக்கிவருவது என் வேலை. தூக்கிவரும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். இவ்வளவு பெரிய ஹாலைக் கட்டிவிட்டு பொம்மையை வைத்துப் பாடம் நடத்துகிறோமே என்று.

2. பால் எங்க ஊத்தறது?

ஒரு சித்திரை மாசம், காலையில் நான் டேங்க் ரூமைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேடம் வந்து சொன்னார்.

"மண்ணாடிப்பட்டு பக்கத்துல ஒரு பெரியவர் இறந்துட்டார். பாடி டொனேஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கார். பொண்ணு போன் பண்ணினாங்க. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். நானும் வர்றேன்."

நம் சுற்றுவட்டாரக் கிராமத்தில் இருந்து, சொந்தபந்தம் உள்ள ஒரு ஆள் தானாகத் தன் உடம்பைக் கொடுத்தது எங்கள் டிபார்ட்மெண்ட்டில் அதுதான் முதல் தடவை. மேடமும் டிரைவரும் வண்டியில் போனார்கள். நான் என் பைக்கில் பின்னால் போனேன்.

கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஊர். இறந்தவர் பேர் கலியபெருமாள், கரும்பு விவசாயி. ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. கால்மாட்டில் அவர் மகள் தனலட்சுமி உட்கார்ந்திருந்தது. மகன் முருகையன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவில் நாற்காலியில் இறந்தவரின் அண்ணன் வைத்திலிங்கம். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது அவர் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

"இன்னாபா, ஆஸ்பத்திரி வண்டி வந்துக்கீது? ஆளுதான் செத்துட்டானே, இனிமே இன்னா வைத்தியம்?" என்றார்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்று, பொறுமையாக எல்லாம் சொன்னார். பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள், எவ்வளவு மரியாதையாக வைத்திருப்போம் என்பதையெல்லாம். வைத்திலிங்கம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. நீ படிச்சவ, நல்லாத்தான் சொல்ற. ஆசை அவனோடது, அவன் பூட்டான். இருக்கறவன் நானு. பாடைய எங்க எறக்கறது? எங்க திருப்பறது? இவன் கொள்ளிக்குடத்த எங்க ஒடைப்பான்? நாளைக்கு நாங்க பால் எங்க ஊத்தறது? உன் ஏசி ரூம்லயா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பால் ஊற்றாத சாவு முடிந்த சாவு ஆகாது. எரித்த இடத்தில் மறுநாள் பால் தெளித்தால்தான் பிறகு காரியம். காரியம் முடிந்தால்தான் அந்த வீட்டில் நல்லது தொடங்கலாம். முருகையனின் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள்.

"பால் ஊத்தாத வூட்ல எவன் வந்து கை நனைப்பான்? இவன் பொண்ணு கல்யாணத்துக்கு நீ வந்து பந்தியில உக்காருவியா?" என்றார் வைத்திலிங்கம்.

தனலட்சுமி தலையை நிமிர்த்தியது. "பெரிப்பா, எம்பொண்ணு பிசியோதெரபி படிக்குது. பொம்மைய வெச்சிதான் சொல்லிக் குடுக்கறாங்களாம். 'நெசமான ஆளு முட்டியில கை வெக்க பயமா இருக்கு தாத்தா'ன்னுச்சி. அதுக்கப்புறம்தான் அப்பா போயி எழுதிக் குடுத்தாரு. எங்கைய புடிச்சிக்கினு சொன்னாரு, நீதாண்டி அனுப்பி வெக்கணும்னு. நான் சரின்னுட்டன் பெரிப்பா."

"நீ கட்டிக்குடுத்த பொண்ணு. நீ சும்மா இரு."

அது அழவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு இருந்தது ஒரே காரியம், கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்ற அங்கே ஒரு ஆள் துணை இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரண்டு மறுபடியும் போனது. மதியத்தைத் தாண்டினால் எம்பாமிங் மருந்து சரியாக ஏறாது, கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்பது மேடமுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"அரிச்சந்திரன் கல்லுதானே கேக்கறீங்க? எங்க காலேஜ்ல இருக்குங்க."

படிக்கிறவர்களில் டவுன்காரர்களும் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சுடுகாட்டு வாசலில் ஒரு கல் நிற்கும். பாடையை அங்கே இறக்கி, தலைமாடு கால்மாடு திருப்பி, சுடுகாட்டு வேலை பார்க்கிறவர் அரிச்சந்திரன் பேரைச் சொல்லிப் பாடினால்தான் உள்ளே வழி. கல் இல்லாத இடம் மயானம் ஆகாது.

"இன்னாது?" என்றார் வைத்திலிங்கம்.

"அனாட்டமி பின்வாசல்ல இருக்குங்க. அங்கதான் எறக்குவோம். பாலும் அங்கயே ஊத்தலாம்."

"காலேஜ்ல அரிச்சந்திரன் கல்லு. யாருக்குடா காது குத்தற?"

"வந்து பாருங்க. கல்லு இல்லன்னா அதே வண்டியில திருப்பி எடுத்தாந்துடுங்க. நானே கூட வந்து உங்க சுடுகாட்டுல கட்டை அடுக்கறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பந்தலுக்கு வெளியே நின்ற ஆறுமுகத்தைப் பார்த்தார். அவர்தான் அந்த ஊரில் சுடுகாட்டு வேலை பார்க்கிறவர். ஆறுமுகம், "கல்லு இருந்தா எனக்கு எங்கன்னா ஒண்ணுதாங்க. பாடிட்டுப் போறேன்" என்றார்.

"சரி" என்றார் வைத்திலிங்கம். "கல்லு இருந்தா அது மயானம். மயானத்து மொறை நடக்கணும். எங்க வூட்டு பொம்பளைங்க தெருமொனையோட சரி. ஒருத்தி வரக் கூடாது."

தனலட்சுமியின் தலை தாழ்ந்தது. கல் இருக்கிறது என்று சொன்ன வாய் என்னுடையது. அதுவே அந்தப் பெண்ணுக்கு வேலி ஆகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

3. நின்ற டேபிள்

பைக்கை எடுக்கும்போது மேடம் பின்னாலேயே வந்தார்.

"ஏழுமலை, எந்தக் கல்?"

"இனிமேதான் நடணும் மேடம்."

"பொய் சொல்லிட்டீங்களா?"

"கொஞ்சம் முன்கூட்டி சொல்லிட்டேன். அவ்ளோதான்."

மேடம் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை நேரம் வேணும்?"

"குளிப்பாட்டி, நெய்ப்பந்தம் புடிச்சி, பாடை கட்டி, ஊரு தாண்டி வண்டியில ஏத்தணும். அதுவே நேரம் இழுக்கும். நீங்க மட்டும் அவசரப்படுத்தாதீங்க."

"டீன் கிட்ட நான் போன்ல சொல்லிடறேன். நீங்க போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருப்பார்.

கல்லுக்கு எங்கே போவேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வரவில்லை. அது என் மனசில் முன்பே இருந்தது. ஹாலுக்கு ஸ்டீல் டேபிள் வருவதற்கு முன்னால் கருங்கல் டேபிள்தான். ஸ்டீல் வந்ததும் கல்லையெல்லாம் வெளியே போட்டார்கள். பழைய சாமான்காரன் கூட எடுக்கவில்லை. நான் ஒரு பலகையை மட்டும் பின்பக்கச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். வழவழப்பான கருங்கல். தண்ணீர் ஓட ஓரமெல்லாம் காடி. கால்மாட்டில் தண்ணீர் இறங்க ஒரு ஓட்டை.

வாட்ச்மேனையும் தோட்டக்காரரையும் கூப்பிட்டேன். கடப்பாறை, ரெண்டு இரும்பு பைப். பைப்பை அடியில் கொடுத்து உருட்டித்தான் பலகையை நகர்த்தினோம். பின்வாசலுக்கு நேராக முழங்கால் ஆழத்துக்கும் மேலே குழி. ஓட்டை இருக்கிற முனை மேலே வரும்படி நிறுத்தினேன். சிமெண்ட் வைத்தால் அன்றைக்குள் இறுகாது. செங்கல் துண்டும் ஜல்லியும் போட்டு, தண்ணீர் விட்டு, கடப்பாறையால் இடித்து இறுக்கினேன். தோட்டக்காரர் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கொத்து வேலை கையை விட்டுப் போகாது.

டீன் சார் வந்து நின்றார். "ஏழுமலை, என் காலேஜ்ல சமாதி கட்றியா?"

"இல்ல சார். டேபிள்தான் சார்."

"டேபிளா?"

"நிக்க வெச்சிருக்கோம் சார்."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்லை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டார். பெரிய மனுஷர்கள் அனுமதி கொடுக்கிற விதம் அது.

4. தோள் மாற்றியது

மேளச் சத்தம் மெயின் கேட்டில் கேட்டது. வண்டிக்குப் பின்னால் டெம்போவில் ஆண்கள். முதலில் இறங்கினவர் வைத்திலிங்கம். நேராகக் கல்லிடம் வந்தார். கல்லைப் பார்க்கவில்லை, கீழே மண்ணைப் பார்த்தார். பெருவிரலால் அழுத்தினார். ஈரம்.

"ஏம்பா, இது எப்ப நட்டது?"

பொய் சொல்ல முடியாது. என் வேட்டியெல்லாம் சேறு.

"இப்பதாங்க."

"அங்க இருக்குதுன்ன?"

"அப்ப இல்லீங்க. இப்ப இருக்குது."

பின்னால் ஒருத்தன், "நான் அப்பவே சொல்லல மாமா? வண்டிய திருப்பு" என்றான். வைத்திலிங்கம் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கல்லின் ஓரக் காடியில் விரலை ஓட்டிக்கொண்டே மேலே போய் அந்த ஓட்டையில் விரலை விட்டார்.

"இது இன்னா ஓட்டை?"

"பெரியவரே, இது பாடம் நடந்த கல்லுங்க. கேக்க ஆளில்லாத எத்தினியோ பேரு இது மேல படுத்துக்கினு புள்ளைங்களுக்குப் படிப்பு குடுத்துட்டுப் போயிருக்காங்க. தண்ணி எறங்கறதுக்கு அந்த ஓட்டை. நட்டதுதான் இன்னிக்கி. கல்லு பழசு."

அவர் ஓட்டையில் இருந்து விரலை எடுக்கவில்லை. மேளம் அடிக்கிறவர்களும் நிறுத்திவிட்டார்கள். வண்டிக்குள் மேடம் பிரேதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகையன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகக் கொள்ளிக்குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  

கடைசியில் அவர் கல்லைத் தட்டினார். "எங்க ஊரு கல்லும் என்னிக்கோ எவனோ ஒருத்தன் நட்டதுதான். ஆறுமுகம், வா. பாடு."

பாடையை இறக்கினார்கள். திருப்பினார்கள். ஆறுமுகம் பாடினார். அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கினவன் நான். அதன் சுவரில் அந்தக் குரல் பட்டுத் திரும்பி வரும் என்று நினைத்ததில்லை.

வாய்க்கரிசி போட வந்தார்கள். நான் பக்கத்தில் போய் வைத்திலிங்கத்திடம் மெதுவாகச் சொன்னேன்.

"வாய்க்குள்ள போட வேணாங்க. ஒதட்டைத் தொட்டு எடுத்து இந்தத் துண்டுல போடச் சொல்லுங்க."

"ஏன்?"

"தொண்டையில பாடம் இருக்குதுங்க."

அவர் தலையை ஆட்டினார். முதல் பிடி அவர் போட்டார். தம்பியின் உதட்டை அரிசியால் தொட்டு, துண்டில் வைத்தார். அவர் செய்ததைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்தார்கள். கற்பூரத்தை ஆறுமுகம் அந்த ஓட்டைக்குள் வைத்தார். காற்றில் அணையாமல் நின்று எரிந்தது. முருகையன் குடத்தைத் தோளில் வைத்துக் கல்லையும் அப்பாவையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, பின்பக்கமாகப் போட்டு உடைத்தான்.

அதற்குள் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் மாடியில் இருந்து இறங்கி வந்திருந்தார்கள். மேடம் போனிலேயே சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கோட்டு, வெறுங்கால். சுட்ட தரையில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

"இதுங்க யாரும்மா?" என்றார் வைத்திலிங்கம்.

"உங்க தம்பிகிட்ட படிக்கப் போறவங்க ஐயா" என்றார் மேடம்.

"அப்ப தோள் குடுக்கச் சொல்லு."

பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். மறுபடியும் பாடையைத் தூக்கின பங்காளிகள் தோளில் இருந்து மூங்கிலை வாங்கி, பழக்கம் இல்லாமல் ஒருபக்கம் சாய்த்து, பிறகு சரி செய்துகொண்டு நின்றார்கள். ஒரு பெண் குட்டையாக இருந்ததால் மூங்கில் தோளுக்கு எட்டவில்லை. ரெண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டது.

வைத்திலிங்கம் அந்தப் பெண்ணையே பார்த்தார். வாயைத் திறந்தார். பொம்பளைங்க கூடாது என்பாரோ என்று நினைத்தேன். ஆனால் அவர் பேசினது முருகையனிடம்.

"தனலட்சுமிய தெருமொனையிலயே நிறுத்திட்டு வந்துட்டமேடா."

 பாடை பின்வாசல் வழியாக உள்ளே போனது. ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள், அதுதான் முறை. கலியபெருமாளின் தொடையில் மேடம் ரத்தக்குழாயைத் திறந்து, மருந்து ஏற்றுகிற கானுலாவை வைத்தார். நான் கேனை ஸ்டாண்டில் ஏற்றினேன். மருந்து தடை இல்லாமல் இறங்கியது. காது மடல் வரைக்கும் போய்ச் சேர்ந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் சேறு பட்ட வேட்டியை மாற்றினேன்.

5. ஜன்னலுக்கு வெளியே

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்தார்கள். வைத்திலிங்கத்துக்கு முன்னால் தனலட்சுமி நடந்து வந்தது. செம்பை அவர்தான் அதன் கையில் கொடுத்தார். "நீதான அனுப்பி வெச்ச. நீயே ஊத்து."

பால் கல்லின் மேல் முனையில் இருந்து காடி வழியாக இறங்கியது. ஊற்றி முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டது.

"அண்ணா, பாடம் ஆரம்பிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. மருந்துல ஊறணும். மாசக்கணக்கா ஆவும். புது பேட்ச் புள்ளைங்க வந்த பொறவுதான்."

"ஆரம்பிக்கற அன்னிக்கி எனக்கு ஒரு போன் போடுங்க."

போட்டேன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. உள்ளே விடக் கூடாது, அது சட்டம், தனலட்சுமியும் கேட்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. ஹாலில் மேடம் முதலில் எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தோளில் இருந்து பாடம் ஆரம்பம். மேடம் ஒரு பேர் சொல்வார், பிள்ளைகள் மொத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாகப் பின்வாசலுக்கு நன்றாகக் கேட்கும். நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்காரவில்லை.

"இன்னாண்ணா சொல்றாங்க?"

"தோள்பட்டையில இருக்கற நரம்புங்க பேரும்மா."

"கரும்புக்கட்டு சொமந்த தோளு" என்றது.  கிளாஸ் முடிகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனது. அதன் அண்ணன் பெண் கல்யாணத்துக்கு நான் போனேன். பந்தியில் வைத்திலிங்கம் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பாகூர் பக்கத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். கல் இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த ஓட்டையில் மெழுகுவத்தி ஏற்றிய குடும்பமும் உண்டு. பின்வரிசைப் பிள்ளை முதுகைப் பார்த்துப் படிக்கிற காலம் எங்கள் ஹாலில் முடிந்தது. பிளாஸ்டிக் மாடலை நான் மியூசியத்து மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பசங்களுக்கு இதில் இருந்து ஒன்று சொல்கிறேன். கையெழுத்து வாங்கிவிட்டால் உடம்பு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உடம்பைக் கொடுப்பது ஒருத்தர். அனுப்பிவைப்பது ஒரு வீடு, ஒரு ஊர். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஸ்டிரெச்சரை இறக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் வந்து ஒரு குழி வெட்டுங்கள்.

6. பலகை

இப்போது அந்தக் கல்லுக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். சுற்றி டைல்ஸ். பக்கத்தில் பளபளவென்று ஒரு கிரானைட் பலகை. உடல் தானம் செய்தோர் நினைவிடம். சேர்மன் பேர், இப்போதைய டீன் பேர், கூரை போட்ட இன்ஜினியர் பேர் எல்லாம் தங்க எழுத்தில் இருக்கிறது. அப்போது என்னைக் காட்டிக்கொடுக்காத மேடம் பேர் கூட இல்லை.

ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசியது. "ஐயா, ஸ்டாஃப் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லீங்க."

"தம்பி, காலேஜ்ல அரிச்சந்திரன் கல்லு வெக்கற வழக்கமும் இல்லாமத்தான் இருந்துச்சி" என்றேன்.

சில பேர் கேட்கிறார்கள், இவ்வளவு பேசுகிறாயே, நீ எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று. இல்லை. என்னை எரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பேருக்கு மருந்து ஏற்றின கை இது, ஆனாலும் அந்த மனசு எனக்கு வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்ல மாட்டேன். அதனால்தான் கேட்பதை அளவோடு கேட்கிறேன். படுத்தவர் கலியபெருமாள். நட்டவன் நான்.

ஆகவே காலேஜ் நிர்வாகத்துக்கு இதன் மூலம் சொல்வது. அந்தப் பலகையில் முதல் வரி கலியபெருமாள் பேர். தனலட்சுமியைக் கேட்டுவிட்டேன், போடுங்கள் என்றது. ரெண்டாவது வரி, கல் நட்டது ஏழுமலை, கொத்தனார். டெக்னீஷியன் என்று போட வேண்டாம். அன்றைக்கு வேலை செய்தது கொத்தனார். அதற்குக் கீழே மேடம் பேர். மிச்சம் இருக்கிற பேர்களை உங்கள் இஷ்டம்போல வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். உளி என்னிடம் இருக்கிறது.